கட்டுமானப் பாதுகாப்பு வல்லுநர் (ஐக்கிய அமெரிக்க அரசுப் பணி)

கட்டுமானப் பாதுகாப்பு மற்றும் தொழில்சார் நல வல்லுநர் என்பவர் கட்டிடம், பாலம், அணை, சாலை போன்றவை கட்டப்படும் களங்களில் தொழிலாளர்கள் விபத்துக்கும் தொழில்வழி நோய்களுக்கும் ஆளாகாமல் தடுக்கும் பணியைச் செய்பவர் ஆவார். ஐக்கிய அமெரிக்காவில் இத்தகையோர் பலர் அரசு ஊழியர்களாக உள்ளனர். அந்நாட்டு நடுவண் அரசின் பணி வகைப்பாட்டில் இப்பதவி 0018 என்னும் தொடர் எண்ணைப் பெற்றுள்ளது. காற்றிலுள்ள தூசு, இரைச்சல், நச்சு வாயு ஆகியவற்றை அளவிடும் தொழிலக நலவியலாளர்களுக்கும் (0690) பாதுகாப்புப் பொறியாளர்களுக்கும் (0803) தனித் தொடர்கள் உண்டு.

ஒரே பதவிப் பெயரைக் கொண்டிருந்தாலும் இவர்கள் இரு வேறு நிலைகளில் பணியாற்றுகின்றனர். ஒரு பிரிவினர் சட்டத்தின் பெயரால் தனியார் களங்களை ஆய்வு செய்பவர்கள். மற்றொரு பிரிவினர் அரசே உரிமையாளராக இருந்து கட்டும் பணிகளில் ஒப்பந்தக்காரரின் பாதுகாப்பு ஏற்பாடுகளை மேற்பார்வை செய்பவர்கள். இவ்விரு பிரிவினரின் அதிகாரம் பலர் எண்ணுவதற்கு மாறாக அமைந்துள்ளது. சட்டத்தைக் கையில் கொண்ட ஆய்வாளரால் ஆபத்தான வேலையைத் தாமாக நிறுத்த இயலாது. சட்ட அதிகாரம் இல்லாத இரண்டாமவரோ, ஒப்பந்தத்தின் வழியாக அதை ஒரே நாளில் நிறுத்தச் செய்ய இயலும்.

வரலாற்றுப் பின்னணி

1970 ஆம் ஆண்டுக்கு முன் அமெரிக்காவில் கட்டுமானத் தொழிலாளர் பாதுகாப்பு பெரும்பாலும் மாநிலங்களின் பொறுப்பில் இருந்தது. அக்காலத்தின் நிலைக்கு மேற்கு வர்சீனியாவின் ஆக்சு நெசுட்டு சுரங்கவழி ஒரு கொடிய எடுத்துக்காட்டு ஆகும். 1930-31 இல் சிலிக்கா மிகுந்த பாறை அங்கு உலர்நிலையிலேயே துளையிடப்பட்டது. தூசை மூச்சில் இழுத்த நூற்றுக்கணக்கானோர் சிலிக்கோசிசு நோயால் இறந்தனர். அவர்களுள் பெரும்பான்மையோர் கறுப்பினத்தவர். எத்தனை பேர் இறந்தனர் என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. 476 முதல் 700க்கும் மேல் வரை மதிப்பீடுகள் உள்ளன. 1936 இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு இதனை விசாரித்தது.

அரசே முன்னின்று கட்டிய ஊவர் அணையிலும் (1931-36) நிலைமை பெரிதும் வேறாக இல்லை. அங்கு இறந்தோரின் அதிகாரப்பூர்வ எண்ணிக்கை 96. சுரங்கவழிகளுக்குள் பெட்ரோல் வண்டிகள் இயங்கியதால் கார்பன் மோனாக்சைடு வளிக்கு ஆளாகி இறந்தோர் நிமோனியாவால் இறந்ததாகப் பதிவு செய்யப்பட்டனர் என்பது தொழிலாளர் தரப்பின் குற்றச்சாட்டு. நிமோனியா இறப்புகள் அந்த 96இல் சேர்க்கப்படவில்லை. ஓர் இறப்பை எப்படிப் பதிவு செய்வது என்பதும் பாதுகாப்புப் பணியின் ஒரு பகுதியே என்பதை இது காட்டுகிறது.

தொழில்சார் பாதுகாப்பு மற்றும் நலச் சட்டத்தில் குடியரசுத் தலைவர் ரிச்சர்டு நிக்சன் 1970 திசம்பர் 29 அன்று கையொப்பமிட்டார். அது 1971 ஏப்ரல் 28 அன்று நடைமுறைக்கு வந்தது. ஓஷா என்று சுருக்கமாக அறியப்படும் தொழில்சார் பாதுகாப்பு மற்றும் நல நிர்வாகம் இச்சட்டத்தின் வழியே உருவானது. இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் ஓஷாவின் ஒப்புதலுடன் தமக்கெனத் தனி அமைப்புகளை நடத்துகின்றன.

ஓஷா ஆய்வாளரின் பணி

ஆய்வாளர் முன்னறிவிப்பு இன்றிக் களத்துக்கு வருவார். ஆய்வு நடக்கப்போவதை முன்கூட்டியே கசியவிடுவது சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம் ஆகும். அவர் அடையாள அட்டையைக் காட்டி, வந்த காரணத்தைக் கூறி, மேற்பார்வையாளருடனும் தொழிலாளர் சார்பாளருடனும் களத்தைச் சுற்றிப் பார்ப்பார். ஒளிப்படம் எடுப்பார், அளப்பார், தொழிலாளர்களிடம் தனியே பேசுவார். அமெரிக்கக் கட்டுமானத் தொழிலாளர்களுள் இசுப்பானியம் பேசுவோர் மிகுதியாதலால் அம்மொழி அறிந்த ஆய்வாளர்களுக்குத் தேவை அதிகம். பாதுகாப்புப் பயிற்சி தொழிலாளிக்குப் புரியும் மொழியில் தரப்பட்டிருக்க வேண்டும் என்பதும் விதி. கையொப்பமிட்ட பயிற்சித் தாள் மட்டும் போதுமான சான்றாகாது.

கட்டுமானக் களத்தில் முதன்மை ஒப்பந்தக்காரர், துணை ஒப்பந்தக்காரர், அவருக்குக் கீழ் மற்றொருவர் எனப் பல முதலாளிகள் ஒரே நேரத்தில் இருப்பர். சாரத்தின் தடுப்புக் கம்பியைக் கழற்றியவர் ஒருவராகவும், அதிலிருந்து விழுந்தவர் வேறொருவரின் தொழிலாளியாகவும் இருக்கக்கூடும். ஆகவே ஆபத்தை உருவாக்கியவர், தம் தொழிலாளரை அதற்கு ஆட்படுத்தியவர், அதைச் சரிசெய்யும் பொறுப்பைக் கொண்டவர், களம் முழுவதையும் கட்டுப்படுத்துபவர் என்று நான்கு வகையாக முதலாளிகளைப் பிரித்துப் பார்ப்பது ஓஷாவின் நடைமுறை ஆகும். ஒரே மீறலுக்காகப் பலர் மீது நடவடிக்கை எடுக்கப்படலாம்.

குற்றப் பத்திரிகை மீறல் நிகழ்ந்த ஆறு மாதங்களுக்குள் வழங்கப்பட வேண்டும். 2025 இல் கடுமையான மீறல் ஒன்றுக்கான உச்ச அபராதம் 16,550 டாலராகவும், தெரிந்தே செய்த மீறலுக்கு 165,514 டாலராகவும் இருந்தது. தெரிந்தே செய்த மீறலால் தொழிலாளி ஒருவர் இறந்தால் முதன்முறைக் குற்றத்துக்கு இச்சட்டம் விதிக்கும் உச்சச் சிறைத்தண்டனை ஆறு மாதங்கள் மட்டுமே. இது மிகக் குறைவு என்ற குறைகூறல் நெடுங்காலமாக உண்டு.

ஆய்வாளரின் அதிகாரத்துக்கு வேறு எல்லைகளும் உள்ளன. உரிமையாளர் நுழைவை மறுத்தால் நீதிமன்ற ஆணை பெற்றே உள்ளே செல்ல வேண்டும் என்று 1978 இல் மார்சல் எதிர் பார்லோசு என்ற வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதைவிட முக்கியமானது உடனடி ஆபத்து பற்றிய 13 ஆம் பிரிவு. சரியும் நிலையிலுள்ள பள்ளத்துக்குள் ஆட்கள் வேலை செய்வதைக் கண்டாலும், ஆய்வாளர் தொழிலாளருக்கும் முதலாளிக்கும் ஆபத்தை அறிவிக்கலாம், அறிவிப்பை ஒட்டலாம், தானாக முன்வந்து வேலையை நிறுத்துமாறு கேட்கலாம். அவர்கள் மறுத்தால், தடை ஆணை பிறப்பிக்க வேண்டியது நடுவண் மாவட்ட நீதிமன்றம். நடைமுறையில் பெரும்பாலான முதலாளிகள் கேட்ட உடனேயே ஆட்களை வெளியேற்றிவிடுகின்றனர் என்பதால் நீதிமன்றம் செல்லும் தேவை அரிதாகவே எழுகிறது. கலிபோர்னியா போன்ற சில மாநில அமைப்புகளில் ஆய்வாளரே தடை ஆணையை ஒட்டும் அதிகாரம் உண்டு.

ஆய்வாளர்களின் எண்ணிக்கையும் குறைவு. 2020களின் தொடக்கத்தில் நடுவண், மாநில அமைப்புகள் இரண்டையும் சேர்த்தும் அது 2,000ஐ எட்டவில்லை. இதனால் பெரும்பாலான களங்களுக்கு ஆய்வாளர் வருவதே இல்லை, அல்லது விபத்துக்குப் பின்னரே வருகிறார்.

வில்லோ தீவு விபத்து

1978 ஏப்ரல் 27 அன்று மேற்கு வர்சீனியாவின் வில்லோ தீவில், அனல் மின் நிலையம் ஒன்றுக்காகக் கட்டப்பட்டுவந்த குளிர்விப்புக் கோபுரத்தின் உட்புறமாகச் சாரம் சரிந்து 51 தொழிலாளர்கள் இறந்தனர். அமெரிக்கக் கட்டுமான வரலாற்றின் மிகப் பெரிய விபத்துகளுள் இது ஒன்று.

அக்கோபுரத்தில் நாள்தோறும் சுமார் 5 அடி உயரமுள்ள ஒரு வளையம் கான்கிரீட்டால் வார்க்கப்பட்டது. சாரம் தரையில் ஊன்றப்படவில்லை. முந்தைய நாட்களில் வார்க்கப்பட்ட கான்கிரீட்டிலேயே அது போல்ட்டுகளால் பொருத்தப்பட்டிருந்தது. குளிர்ந்த வானிலையில் கான்கிரீட் மெதுவாகவே இறுகும். முந்தைய நாள் வார்த்த 28 ஆம் வளையம் போதிய வலிமை பெறுமுன் அதன்மீது சுமை ஏற்றப்பட்டதே விபத்துக்கு மிகவும் வாய்ப்புள்ள காரணம் என்று தேசியத் தரநிர்ணய அமைப்பின் ஆய்வாளர்கள் முடிவு செய்தனர். கான்கிரீட்டின் வலிமையை அன்று காலையில் சோதித்து, போதாதென்றால் வேலையை ஒரு நாள் தள்ளிவைப்பது மட்டுமே தேவையாக இருந்தது.  இறுதியில் நிறுவனங்கள் 85,500 டாலர் அபராதத்துக்கு இணங்கின. இறந்த ஒருவருக்கு 1,700 டாலருக்குச் சற்றுக் குறைவாகவே இது அமைகிறது.

அரசே உரிமையாளராக இருக்கும் களங்கள்

அணைகள், வெள்ளத் தடுப்பு அரண்கள், படைத்தளக் கட்டிடங்கள் ஆகியவற்றைக் கட்டுவிக்கும் அமெரிக்கத் தரைப்படைப் பொறியாளர் பிரிவு, பாதுகாப்பு வல்லுநர்களைப் பெருமளவில் பணியமர்த்தும் அமைப்புகளுள் ஒன்று. இ.எம். 385-1-1 என்ற அதன் பாதுகாப்புக் கையேடு ஒப்பந்தத்தின் பகுதியாகவே சேர்க்கப்படுகிறது. கடற்படையின் கட்டுமானப் பிரிவும் இதையே பயன்படுத்துகிறது. இதன் 2014 ஆம் ஆண்டுப் பதிப்புக்கு அடுத்த பதிப்பு 2024 இல் வெளிவந்தது.

இக்கையேடு பல இடங்களில் ஓஷா விதிகளைவிடக் கண்டிப்பானது. ஓஷாவின் பொது விதிப்படி 6 அடி (1.8 மீட்டர்) உயரத்தில் விழுதல் தடுப்பு தேவை. ஆனால் சாரத்துக்கு 10 அடி என்றும், இரும்புச் சட்டகம் பொருத்துவோருக்கு 15 அடி என்றும் அது தளர்த்தப்பட்டுள்ளது. பொறியாளர் பிரிவின் களங்களில் இத்தளர்வுகள் இல்லை. எல்லாருக்கும் 6 அடிதான். இரைச்சலில் ஓஷா கட்டுமானத்துக்கு எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபெல் வரை அனுமதிக்க, பொறியாளர் பிரிவு 85 டெசிபெல்லில் செவிக்காப்பை வலியுறுத்துகிறது.

வல்லுநரின் வேலை முதல் மண்வெட்டி விழுவதற்கு முன்பே தொடங்குகிறது. ஒப்பந்தக்காரர் விபத்துத் தடுப்புத் திட்டம் ஒன்றை எழுதித் தர வேண்டும். அது ஏற்கப்படும்வரை களவேலை தொடங்க முடியாது. பின்னர் ஒவ்வொரு வேலைக்கும், அதன் படிகள், ஒவ்வொரு படியிலும் உள்ள ஆபத்து, அதைத் தவிர்க்கும் வழி ஆகியவற்றைக் காட்டும் ஆபத்துப் பகுப்பாய்வு தேவை. வேறொரு களத்துக்கு எழுதிய திட்டத்தின் பெயரை மட்டும் மாற்றித் தருவது பரவலாகக் காணப்படும் பழக்கம். ஆகவே ஆவணத்தில் உள்ள பாரந்தூக்கியும் களத்தில் நிற்கும் பாரந்தூக்கியும் ஒன்றுதானா என்று பார்ப்பது போன்ற எளிய சரிபார்ப்புகளுக்கு இங்கே பெரும் மதிப்பு உண்டு. ஒப்பந்தக்காரரும் 30 மணி நேர ஓஷா பயிற்சி பெற்ற களப் பாதுகாப்பு அலுவலர் ஒருவரைத் தம் செலவில் வைத்திருக்க வேண்டும்.

நடுவண் அரசின் கட்டுமான ஒப்பந்தங்களில் 52.236-13 என்ற எண்ணுள்ள விபத்துத் தடுப்புக் கூறு இடம்பெறுகிறது. குறைகள் சுட்டிக்காட்டப்பட்ட பின்னும் ஒப்பந்தக்காரர் திருத்தாவிட்டால், ஒப்பந்த அதிகாரி வேலை முழுவதையுமோ ஒரு பகுதியையோ நிறுத்தி ஆணையிடலாம். அவ்வாறு நின்ற நாட்களுக்கு இழப்பீடோ கால நீட்டிப்போ கோர முடியாது. நீதிமன்றம் செல்லாமலே வேலை நிற்கும் என்பதே இக்கூறின் வலிமை. ஆனால் ஆணையில் கையொப்பமிடுபவர் ஒப்பந்த அதிகாரியே. வல்லுநர் அறிவுரை கூறுபவர் மட்டுமே. வேலை குறித்த நாளில் முடிய வேண்டும் என்ற அழுத்தம் அந்த அதிகாரிக்கும் உண்டு. எனவே சாரத்தின் குறையைக் கண்டறிவதைக் காட்டிலும், அதற்காகப் பணியை நிறுத்தலாம் என்று தம் அலுவலகத்தை ஏற்கச் செய்வதே இப்பணியில் கடினமானது எனலாம்.

பள்ளங்கள்

குழாய் பதிக்கத் தோண்டும் குறுகிய பள்ளங்கள் பார்வைக்கு ஆபத்தற்றவையாகத் தோன்றினும் மிகக் கொடியவை. ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கும் மேல் எடை கொண்டது. மார்பு வரை புதைந்தவர் தலை வெளியே இருந்தாலும் மூச்சுத் திணறி இறக்கலாம். ஒவ்வொரு முறை மூச்சை விடும்போதும் மண் மேலும் இறுகி, விலா எலும்புகள் மீண்டும் விரிய இடம் தராது. உதவிக்கு உள்ளே குதிப்பவர் இரண்டாம் சரிவில் சிக்குவதும் உண்டு.

5 அடி (1.5 மீட்டர்) அல்லது அதற்கு மேற்பட்ட ஆழமுள்ள பள்ளம், முழுவதும் உறுதியான பாறையில் அமைந்தாலன்றி, சரிவாக வெட்டப்பட்டோ, முட்டுக் கொடுக்கப்பட்டோ, இரும்புக் காப்புப் பெட்டி இறக்கப்பட்டோ இருக்க வேண்டும். வெட்டியெடுத்த மண் விளிம்பிலிருந்து 2 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். 4 அடி ஆழத்திலேயே ஏணி தேவை. எந்தத் தொழிலாளியும் அதை அடைய 25 அடிக்கு மேல் நடக்க நேரக்கூடாது.

தகுதி வாய்ந்த ஒருவர் மண்ணை வகைப்படுத்துவார். கட்டை விரலை அழுத்திப் பார்ப்பது அங்கீகரிக்கப்பட்ட சோதனைகளுள் ஒன்று. மிகுந்த முயற்சியுடன் தடம் மட்டும் பதிந்தால் அது முதல்தர மண். விரல் எளிதாக உள்ளே இறங்கினால் மூன்றாம் தரம். மூன்றாம் தர மண்ணில் ஓர் அடி ஆழத்துக்கு ஒன்றரை அடி வீதம் இருபுறமும் சரிவு விட வேண்டும். முன்பே ஒருமுறை தோண்டி மூடிய மண்ணை எவ்வளவு கெட்டியாக இருப்பினும் முதல்தரமாகக் கொள்ளக்கூடாது. நகரத் தெருக்களில் பழைய குழாய்கள் இல்லாத இடம் அரிது என்பதால் இவ்விதி பெரும்பாலான நகரப் பள்ளங்களுக்குப் பொருந்தும். ஆய்வு நாள்தோறும் வேலைக்கு முன்னரும் ஒவ்வொரு மழைக்குப் பின்னரும் நடைபெற வேண்டும்.

2022 இல் அமெரிக்காவில் 39 பேர் பள்ளங்களில் இறந்தனர். சாலையோரம் காப்பில்லாத பள்ளத்தைக் கண்டால் புகார் இல்லாமலே ஆய்வைத் தொடங்குமாறு ஓஷா தன் ஆய்வாளர்களுக்கு அறிவுறுத்தியது. 2023 இல் இறப்புகள் 15 ஆகக் குறைந்தன.

தொழில்வழி நோய்கள்

விழுதல், பொருள் மோதுதல், இடையில் சிக்குதல், மின்தாக்கு ஆகிய நான்கும் கட்டுமான இறப்புகளின் முதன்மைக் காரணங்கள். நோய்கள் இப்பட்டியலில் வருவதில்லை. அவை பல ஆண்டுகள் கழித்து, தொழிலாளி வேறு ஊரில் இருக்கும்போது தோன்றுகின்றன. கான்கிரீட்டையும் கல்லையும் அறுக்கும்போது எழும் நுண்ணிய சிலிக்காத் தூசுக்கு, காற்றில் ஒரு கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்ற எட்டு மணி நேர வரம்பை ஓஷா 2016 இல் விதித்தது. கட்டுமானத்தில் இது 2017 செப்டம்பர் 23 முதல் செயல்படுத்தப்பட்டது. ஒவ்வொரு களத்திலும் தூசை அளப்பது இயலாதாகையால், கருவிக்கேற்ற தடுப்பு முறைகளை அவ்விதியின் அட்டவணை தருகிறது. நீர் பாயும் வாளைப் பயன்படுத்தினால் அளக்க வேண்டியதில்லை. ஆக்சு நெசுட்டில் இல்லாமற்போனதும் இந்த நீர்தான்.

தகுதியும் சட்ட நிலையும்

இப்பதவிக்குப் பாதுகாப்பியல், பொறியியல் அல்லது தொடர்புடைய துறையில் பட்டமோ, ஈடான கள அனுபவமோ தேவை. தச்சராகவோ இரும்பு வேலை செய்பவராகவோ இருந்து இப்பணிக்கு வந்தோரும் உண்டு. சான்றளிக்கப்பட்ட பாதுகாப்பு வல்லுநர் என்ற தேர்வு பதவி உயர்வுக்கு உதவும். ஓஷா ஆய்வாளர்கள் சிகாகோ அருகே ஆர்லிங்டன் ஐட்சில் உள்ள அதன் பயிற்சி நிலையத்தில் பயில்கின்றனர்.

அரசு நிறுவனங்களும் தம் ஊழியரைப் பாதுகாக்க வேண்டும் என்பதைச் சட்டத்தின் 19 ஆம் பிரிவும், 1980 இல் குடியரசுத் தலைவர் கார்ட்டர் பிறப்பித்த 12196 ஆம் ஆணையும் வலியுறுத்துகின்றன. எனினும் அஞ்சல் துறை நீங்கலாக நடுவண் அரசு நிறுவனங்களுக்கு ஓஷா அபராதம் விதிக்க முடியாது. அறிவிப்பு மட்டுமே தரலாம். அரசுக் களத்தில் வேலை செய்யும் தனியார் ஒப்பந்தக்காரருக்கு இவ்விலக்கு இல்லை. ஓஷா ஒப்புதல் பெற்ற அமைப்பு இல்லாத மாநிலங்களில், மாநில, நகராட்சி ஊழியர்கள் இச்சட்டத்தின் வரம்புக்குள்ளேயே வருவதில்லை. அத்தகைய நகரம் ஒன்றில் தெருக் குழாயைப் பழுதுபார்க்கப் பள்ளத்தில் இறங்கும் நகராட்சித் தொழிலாளிக்கு, அதே தெருவில் தனியார் நிறுவனத்துக்காகத் தோண்டுபவருக்குக் கிடைக்கும் ஓஷாவின் பாதுகாப்பு கிடைப்பதில்லை.