துளசிமதி முருகேசன்

துளசிமதி முருகேசன் (பிறப்பு: 11 ஏப்ரல் 2002, காஞ்சிபுரம்) மாற்றுத்திறனாளர் பேட்மின்டன் வீராங்கனை. 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் எஸ்யூ5 பிரிவு மகளிர் ஒற்றையரில் வெள்ளி வென்றவர். பாராலிம்பிக் பேட்மின்டனில் இந்தியப் பெண்கள் பதக்கம் வாங்கியது அந்த முறைதான் முதல் முறை.

பிறவியிலேயே இடக் கையில் குறைபாடு. பின்னர் நேர்ந்த விபத்தொன்றில் அக்கையின் அசைவு இன்னும் குறைந்தது. மட்டை பிடிப்பது வலக் கைதானே என்று தோன்றலாம். ஆனால் சர்வீஸ் போடும்போது பந்தை ஏந்துவது இடக் கை. பின்கோட்டுக்கு ஓடி ஸ்மாஷ் அடிக்கையில் உயர்ந்து உடலைச் சமன் செய்வதும் அதுதான். எஸ்யூ5 என்பது கைக் குறைபாடு உள்ளவர்கள் நின்று ஆடும் பிரிவு. எஸ்எல்3 பிரிவின் ஒற்றையரைப் போல இங்கே அரைக் கோர்ட் சலுகை கிடையாது. முழு கோர்ட்டையும் ஓடிக் காக்க வேண்டும்.

துளசிமதிக்கு முதலில் மட்டை கொடுத்துப் பழக்கியவர் கூலி வேலை செய்த தந்தை முருகேசன். பிறகு ஹைதராபாத் கோபிசந்த் அகாடமியிலும் பயிற்சி பெற்றார். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டேதான் சர்வதேசப் போட்டிகளுக்குப் போய்வந்தார்.

ஷட்டில் ஆட்டத்துக்குக் கூரையுள்ள அரங்கம் வேண்டும் என்பது சாதாரணக் குடும்பங்களுக்குப் பெரிய தடை. பந்தின் எடை ஏறத்தாழ 5 கிராம். கடற்காற்று இந்தப் பந்தை அடித்த திசையில் போகவிடாது. கடலோர ஊர்களில் திறந்தவெளியில் வாலிபால் ஆடலாம், தஞ்சாவூரில் பிறந்ததாகச் சொல்லப்படும் கம்பளிப் பந்துப் பூப்பந்தும் ஆடலாம். ஷட்டிலில் மேலே வர நினைக்கும் பிள்ளை அரங்கம் இருக்கும் ஊருக்குப் பஸ் ஏறியாக வேண்டும்.

துளசிமதியின் ஆட்ட வாழ்வைச் சீன வீராங்கனை யாங் சியூஷியாவை விட்டுவிட்டு எழுத முடியாது. மாற்றுத்திறனாளர் பேட்மின்டன் பாராலிம்பிக்கில் முதன்முதலாக இடம்பெற்ற டோக்கியோவில் (2021-இல் நடந்தது) எஸ்யூ5 தங்கம் யாங்குக்கே. 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசியப் பாரா விளையாட்டின் இறுதியில், அவருடைய நாட்டு ரசிகர்கள் முன்னாலேயே துளசிமதி அவரை 21-19, 21-19 என வீழ்த்தித் தங்கம் வென்றார். இரு செட்டிலும் இடைவெளி 2 புள்ளிதான். அதே போட்டியில் மானசி ஜோஷியுடன் மகளிர் இரட்டையரில் வெள்ளியும், நிதேஷ் குமாருடன் கலப்பு இரட்டையரில் வெண்கலமும் கிடைத்தன.

பாரிஸில் அரையிறுதியே கடினமான ஆட்டம் என்று சொல்ல வேண்டும். எதிரே நின்றவர் திருவள்ளூரைச் சேர்ந்த மனிஷா ராமதாஸ். 2022 உலக சாம்பியன், அந்த ஆண்டின் சிறந்த மாற்றுத்திறனாளர் வீராங்கனையாக உலக பேட்மின்டன் சம்மேளனம் தேர்ந்தெடுத்தவர். வலக் கைக் குறைபாட்டோடு இடக் கையால் ஆடுபவர். முதல் செட் 23-21 வரை இழுத்தது, அடுத்தது 21-17. இரண்டும் துளசிமதிக்கே. செப்டம்பர் 2 அன்று நடந்த இறுதியில் யாங் 21-17, 21-10 என வென்று ஹாங்சோ கணக்கைத் தீர்த்துக்கொண்டார். முதல் செட்டில் ஈடுகொடுத்த துளசிமதி இரண்டாவதில் பின்தங்கிவிட்டார். மனிஷா டென்மார்க்கின் காத்ரின் ரோசன்கிரெனை வென்று வெண்கலம் பெற்றார். குள்ள உருவத்தினருக்கான எஸ்எச்6 பிரிவில் ஓசூரின் நித்யஸ்ரீக்கு மற்றொரு வெண்கலம். இப்படி அந்தப் பாராலிம்பிக்கில் இந்தியப் பெண்கள் பேட்மின்டனில் வாங்கிய மூன்று பதக்கமும் தமிழகத்தின் வட மாவட்டங்களுக்கே வந்தன.

துளசிமதிக்குத் தமிழக அரசு 2 கோடி ரூபாயும் மற்ற இருவருக்கும் தலா 1 கோடியும் வழங்கியது. மூவரும் 2024-ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதை 2025 ஜனவரியில் பெற்றனர்.