ஸீசா வளவுக்குள்ளே ஜேர்மனியும் பிரான்சும்

ஸீசா என்றால் பலெர்மோவில் இருக்கிற எங்களுக்கு அந்தப் பழைய அரண்மனைதான் ஞாபகம் வரும். அதற்குப் பக்கத்திலேயே மதில் சூழ்ந்த ஒரு பெரிய வளவு இருக்கிறது. உள்ளே வரிசையாகக் கொட்டகைகள். முன்பு அது டுக்ரோ என்பவரின் தளபாடத் தொழிற்சாலை. எர்னெஸ்தோ பசிலே என்ற கட்டடக் கலைஞர் வரைந்து கொடுத்த கதிரை, மேசைகளை இங்கேதான் செய்தார்கள். முதலாம் உலக யுத்தத்தில் விமானங்களும் செய்தார்கள். நானும் தொழிற்சாலைக்காரன் என்றபடியால் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

1990களில் மாநகரசபை அதைக் கலாசார வளவாகத் திறந்தது. ஜேர்மனியரின் கோதே நிறுவனமும் பிரெஞ்சுக் கலாசார நிலையமும் அங்கேதான் இருக்கின்றன. 2022இல் இரண்டும் சேர்ந்து ஒரே நிலையமாக இயங்கத் தொடங்கின. கோதே நிறுவனம் 1951இல் தொடங்கிய, இலாபம் தேடாத ஒரு சங்கம். ஆனால் செலவில் பெரும்பங்கை ஜேர்மன் வெளிநாட்டு அமைச்சுத்தான் கொடுக்கிறது.

இதிலென்ன புதினம் எண்டு கேட்பீர்கள். 1870, 1914, 1939 என்று எழுபது வருசத்துக்குள் மூன்று தரம் யுத்தம் செய்த நாடுகள் இவை. நடுவில் அகப்பட்டது அல்சாஸ் மாகாணம். 1871க்கும் 1945க்கும் இடையில் அது நாலு தரம் கைமாறியது. ஒவ்வொரு தரமும் பள்ளிக்கூடப் பாஷையும் மாறியது. 1956இன் தனிச் சிங்களச் சட்டத்தை அனுபவித்த எங்கட சனத்துக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

தலைவர்கள் கைகுலுக்க முன்னமே ஊர்கள் தொடங்கிவிட்டன. யுத்தம் முடிந்து ஐந்தே வருசத்தில், 1950இல், ஜேர்மனியின் லுட்விக்ஸ்பேர்க்கும் பிரான்சின் மொன்பெலியாரும் சகோதர நகரங்களாயின. டி கோலும் அடனவரும் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தது 1963 ஜனவரி 22இல்தான். ஒருவர் பாஷையை மற்றவர் படிக்க வேண்டும் என்பதும் அதில் இருந்தது. அதே வருசம் தொடங்கிய இளைஞர் அலுவலகத்தின் மூலம் இதுவரை 90 இலட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் பரிமாற்ற நிகழ்ச்சிகளில் பங்குபற்றியிருக்கிறார்கள்.

காலம் போனால் எல்லாம் ஆறிவிடும் என்று சிலர் இந்தக் கதையை எங்களுக்கு உதாரணம் காட்டுவார்கள். அவர்கள் பாதியைத்தான் சொல்லுகிறார்கள். 1945-46இல் நூரம்பேர்க்கில் பகிரங்க விசாரணை நடந்தது; குற்றவாளிகளின் பெயர்கள் சொல்லப்பட்டன. அப்படியிருந்தும் எல்லாம் ஆறவில்லை. 1944 ஜூன் 10இல் பிரான்சின் ஒராதூர் கிராமத்தில் அறுநூறுக்கு மேற்பட்டோரை நாசிப்படை கொன்றது. ஒரு ஜேர்மன் ஜனாதிபதி அந்த மண்ணில் போய் நின்றது 2013இல். 69 வருசம்! விசாரணையைப் பற்றிப் பேசாமல் புரிந்துணர்வு பற்றி மட்டும் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை.

இப்படியான வேலைகளுக்கும் காசு முடை வருகிறது. 2023இல் ஜெனோவா, தொரினோ, திரியெஸ்தே நிலையங்களையும், பிரான்சில் எல்லையோரத்து ஸ்ட்ராஸ்பூர்க் நிலையத்தையும் மூட கோதே நிறுவனம் முடிவெடுத்தது. ஸ்ட்ராஸ்பூர்க் அல்சாசின் தலைநகர் என்பதைக் கவனியுங்கோ. அந்தப் பட்டியலில் பலெர்மோ இல்லை. ஸீசா வளவுக்குள் போகக் காசு கேட்கமாட்டார்கள். லீவு நாளில் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கோ.