விரல்களின் ஞாபகமும் ஒரு மரண அறிவித்தலும்

கொட்டாஞ்சேனையில் வசிக்கும் அக்கா ஒருவர் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தார். நான் பணியாற்றிய நாளிதழில் நீண்ட காலம் தட்டெழுத்தாளராக இருந்து ஓய்வுபெற்றவர். மகள் வாங்கிக் கொடுத்த புதிய மடிக்கணினியில் தமிழ் எழுத முடியவில்லை என்பது அவருடைய முறைப்பாடு. "தம்பி, கை ஒண்டை அடிக்குது, திரையில வேறொண்டு வருது. எனக்குப் பழைய பாமினியைப் போட்டுத் தா" என்றார்.

கேட்பதற்குச் சிறிய விடயம்தான். ஆனால் அந்த வேண்டுகோளுக்குப் பின்னால் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு வரலாறு இருக்கிறது.

தமிழ்த் தட்டச்சுப் பொறி என்றதும் நினைவுக்கு வருபவர் ஆர். முத்தையா. 1886 இல் யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்து, மலாயாவுக்குப் பிழைக்கச் சென்றவர். 247 எழுத்துகள் கொண்ட மொழியை ஐம்பதுக்கும் குறைவான விசைகளுக்குள் அடக்குவது அன்றைய சவால். எழுத்துகளை உறுப்புகளாகப் பிரித்ததே அதற்குக் கிடைத்த விடை. கொம்பு, கால், விசிறி, புள்ளி என்பன தனித்தனி விசைகளாயின. புள்ளியை அடிக்கும்போது பொறியின் வண்டி நகராது. ஆகவே முதலில் புள்ளி, பிறகு அதன் கீழ் மெய்யெழுத்து. எழுதும் ஒழுங்குக்கு இது நேர்மாறு. ஆயினும் விரல்கள் பழகிக்கொண்டன.

கணினி வந்தபோது அந்த விசை ஒழுங்கின் பெரும்பகுதி அப்படியே எழுத்துருக்களுக்குள் குடியேறியது. இலங்கையிலும் புலம்பெயர் நாடுகளிலும் பரவலாகப் புழங்கியது பாமினி. அதன் தந்திரம் எளிமையானது. ஆங்கில எழுத்துகளின் இருக்கைகளில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தார்கள். சிறிய 'எஃப்' அடித்தால் 'க', பெரிய 'எஃப்' அடித்தால் 'கு'. சிறிய 'கே' என்றால் 'ம', பெரிய 'கே' என்றால் 'மு'. 'கொழும்பு' என்று எழுத 'என், எஃப், எச், பெரிய ஓ, கே, அரைப்புள்ளி, பெரிய ஜி' என ஏழு விசைகள். புள்ளி இப்போது மெய்க்குப் பின்னால் வந்துவிட்டது. ஒற்றைக் கொம்பு பழையபடி எழுத்துக்கு முன்னால் நின்றது.

கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு அது வெறும் ஆங்கிலம். வினை அங்கேதான் ஒளிந்திருந்தது.

ஆங்கிலத்துக்கென ஆக்கப்பட்ட சொற்செயலிகளில், வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக்கும் வசதி உண்டு. பாமினியில் எழுதும்போது அந்த வசதி இயங்கினால், வாக்கியத் தொடக்கத்தில் உள்ள 'மக்கள்' 'முக்கள்' ஆவார்கள். 'கடிதம்' 'குடிதம்' ஆகும். 'கொழும்பு' 'கோழும்பு' ஆகும். ஆகவே அதை அணைத்துவிட்டுத்தான் நாங்கள் வேலையைத் தொடங்குவோம். அக்கா அத்தோடு நிற்கவில்லை. 'ஜனாதிபதி', 'பாராளுமன்றம்' போன்று அடிக்கடி வரும் சொற்களுக்கெல்லாம் சொந்தமாகக் குறுக்குவிசைகள் அமைத்து வைத்திருந்தார். அவருடைய வேகத்தின் இரகசியம் அதுதான்.

ஒரு நாள் அலுவலகக் கணினிகளில் மென்பொருள்கள் புதுப்பிக்கப்பட்டன. கட்டுரைகளும் செய்திகளும் கவனமாகப் பிரதியெடுக்கப்பட்டன. ஆனால் குறுக்குவிசைகளும் அணைத்து வைத்த வசதிகளும் வேறு கோப்புகளில் இருப்பதை எவரும் நினைத்துப் பார்க்கவில்லை. அக்காவின் குறுக்குவிசைகள் போயின. அணைத்து வைத்திருந்தது மீண்டும் விழித்துக்கொண்டது.

அன்றிரவு வெள்ளவத்தையிலிருந்து ஒரு மரண அறிவித்தல் வந்தது. இறந்தவரின் பெயர் கமலா எனத் தொடங்கும். காலையில் அச்சாகி வந்தது 'குமலா'. மெய்ப்புப் பார்த்தவன் நான். நள்ளிரவை நெருங்கும் நேரம், பக்கம் முடிக்கும் அவசரம் எல்லாம் உண்மைதான். ஆனால் பார்த்தவன் நான்தான்.

பத்து மணியளவில் இறந்தவரின் மகன் அலுவலகத்துக்கு வந்தார். சத்தம் போடவில்லை. பத்திரிகையை மேசையில் விரித்து, "அம்மான்ர பேரையாவது சரியாப் போட்டிருக்கலாமே, ஐயா" என்று மட்டும் சொன்னார். மறுநாள் திருத்தம் பிரசுரமானது. ஆனால் சவ அடக்கத்துக்கு வந்தவர்கள் கையில் வைத்திருந்தது முதல் நாள் பத்திரிகை. அக்கா என்னிடம், "நான் சரியாத்தான் அடிச்சனான் தம்பி, அது தானா மாத்திப்போட்டுது" என்றார். அது உண்மை என்பது எனக்குத் தெரியும். அந்த மகனிடம் அதைச் சொல்லி என்ன பயன்?

இந்தக் கோளாற்றுக்கு முடிவு கட்டியது யுனிகோட். 1991 இல் வெளியான அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்குத் தனி இடம் இருந்தது. விண்டோஸ் 2000 தமிழ் யுனிகோட்டைக் காட்டும் வசதியோடு வந்தது. இப்போது 'கு' என்பது பெரிய 'எஃப்' அல்ல. ககரமும் உகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். ஏழு விசைகளில் அடித்த 'கொழும்பு' உள்ளே எட்டுக் குறியீடுகளாகச் சேமிக்கப்படுகிறது. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதம் இல்லை என்பது கணினிக்கும் தெரிந்துவிட்டது.

அப்படியானால் பாமினியில் பழகிய விரல்களின் கதி என்ன? தமிழ்நாட்டில் 1999 இல் 'தமிழ்99' என்ற விசைப்பலகை அரசின் அங்கீகாரம் பெற்றது. நல்ல ஒழுங்குதான். ஆனால் தினமும் பக்கம் நிரப்பவேண்டிய ஒருவர் மீண்டும் அரிச்சுவடியிலிருந்து தொடங்க முடியாது. இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் போன்ற மென்பொருள்கள் அந்த இடத்தில்தான் கைகொடுத்தன. பாமினி ஒழுங்கில் அடித்தாலும் யுனிகோட்டாக எழுதின. முன்னால் அடித்த கொம்பை எழுத்துக்குப் பின்னால் நகர்த்திச் சேமிக்கும் வேலையை அவை சந்தடியின்றிச் செய்தன. பழைய கோப்புகளை மாற்றுவதற்குச் சுரதாவின் 'பொங்குதமிழ்' எழுத்துருமாற்றி உதவியது. இலங்கையின் தமிழ்க் கணினித் தராதரமான எஸ்.எல்.எஸ். 1326, 2008 இல் வெளியானபோது, அதில் இடம்பெற்றது தட்டச்சு வழிவந்த ரங்கநாதன் விசைப்பலகை. பழகிய விரல்களுக்குக் கிடைத்த மரியாதையாகவே நான் அதைப் பார்க்கிறேன்.

மென்பொருளைப் புதுப்பிப்பவர்கள் கோப்புகளைக் காப்பாற்றினால் போதும் என்று நினைக்கிறார்கள். ஒரு தொழிலாளி பல வருடங்களாகத் தனக்கென்று செய்துகொண்ட சிறு ஒழுங்குகளும் அந்தக் கணினிக்குள்தான் இருக்கின்றன. அவை எந்தப் பொருட்பட்டியலிலும் வருவதில்லை. எனவே புதுப்பிக்குமுன் உங்கள் குறுக்குவிசைகளையும் தன்னியக்கத் திருத்தப் பட்டியலையும் தனியே பிரதியெடுங்கள். அணைத்து வைத்தவை எவை என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போய், பாமினி ஒழுங்கில் யுனிகோட் எழுதும் விசைப்பலகையை நிறுவிக் கொடுத்தேன். அக்கா சோதித்துப் பார்க்க எதையோ அடித்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முதல் எழுத்தை உற்றுப் பார்த்தார்.

'கமலா' என்றிருந்தது. இருவரும் ஒன்றும் பேசவில்லை.