கடைசி வண்டியின் சிவப்பு: கொல்லிமலைச் சாலையில் பின்விளக்கின் வரலாறு

நாமக்கல் மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் மேட்டுநிலமாகப் பரந்து கிடக்கும் கொல்லிமலைக்கு, அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து சோளக்காட்டுக்கு ஏறும் சாலை 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்டது. சாலை தன் திசையை முற்றிலும் திருப்பிக்கொண்டு, வந்த வழிக்கு மேலேயே மறுபடி ஓடும் வளைவையே கொண்டை ஊசி வளைவு என்கின்றனர். இத்தகைய சாலையில் முன்செல்லும் வண்டியின் பின்புறம் பின்தொடர்பவரின் கண்ணில் படும் நேரம் மிகக் குறைவு. அவ்வண்டி மற்றொரு வண்டியைக் கயிற்றில் கட்டி இழுத்துச் செல்லுமானால், இரவில் யாருடைய விளக்கைப் பார்த்து யார் ஒதுங்குவது என்பது உயிர் தொடர்பான கேள்வியாகிவிடுகிறது.

சாலை அமைவதற்கு முன்பு மலையின் விளைபொருள்கள் ஒற்றையடிப் பாதைகள் வழியே தலைச்சுமையாக இறங்கின. சக்கரம் ஏறாத இடத்தில் பின்விளக்கு என்ற சிக்கலே எழவில்லை. சமவெளியின் நிலை வேறு. சாமையும் தினையும் பிறவும் அடிவாரத்திலிருந்து சந்தைக்குச் சென்றது மாட்டு வண்டிகளில்தான். பகல் வெயிலில் மாடுகள் களைக்காதிருக்க வண்டிகள் இரவிலேயே வரிசையாகப் பூட்டப்பட்டன. தமிழ்நாட்டு வண்டிக்காரர்கள் அரிக்கேன் விளக்கை, அதாவது காற்றில் அணையாதபடி கண்ணாடிக் கூண்டிட்ட மண்ணெண்ணெய் விளக்கை, வண்டிக்கு அடியில், அச்சுக்கு அருகே தொங்கவிட்டனர். அச்சு முறிந்தால் மாற்றுவதற்கென உப்பு வணிகரான உமணர் வண்டியின் அடியில் கட்டிச்சென்ற சேம அச்சைப் புறநானூற்றின் 102-ஆம் பாடலில் ஔவையார் உவமையாக்கியிருப்பதை நினைத்தால், வழியில் நேரக்கூடிய இடருக்கான கருவியை வண்டியின் அடியில் வைக்கும் வழக்கம் எவ்வளவு பழையது என்பது விளங்கும். அடியில் தொங்கிய அந்த விளக்கு வழியைக் காட்டியதைவிட வண்டியைக் காட்டியதே அதிகம். சுழலும் ஆரக்கால்களின் நிழலும் மாட்டுக் கால்களின் அசைவும் எதிரே வருவோர்க்கும் பின்னே வருவோர்க்கும் ஒருசேரத் தெரிந்தன. ஆயினும் அதன் ஒளிக்கு முன் பின் என்ற வேறுபாடு கிடையாது. எப்பக்கம் பார்த்தாலும் அதே மஞ்சள் ஒளிதான்.

அந்த வேறுபாட்டை ஐயத்திற்கு இடமின்றி நிலைநாட்டியது இரயில்வே. எத்தனை பெட்டிகள் இணைக்கப்பட்டிருந்தாலும், கடைசிப் பெட்டியில் இரவில் சிவப்பு விளக்கும் பகலில் 'எல்.வி.' என்ற பலகையும் இருந்தால்தான் வண்டி முழுமையாக வந்து சேர்ந்தது என்று நிலைய அதிகாரி கொள்ள முடியும். 'கடைசி வண்டி' என்பதே அவ்வெழுத்துகளின் பொருள். பின்விளக்கு இழுக்கும் எஞ்சினுக்கு உரியதன்று, வண்டித்தொடரின் இறுதியில் எது இருக்கிறதோ அதற்கே உரியது என்னும் கொள்கையை இதைவிடத் தெளிவாக உரைக்க இயலாது. சாலைப் போக்குவரத்து இதே கொள்கைக்கு வந்து சேர நெடுங்காலம் பிடித்தது.

இந்தியா முழுமைக்குமான முதல் மோட்டார் வாகனச் சட்டம் 1914-இல் இயற்றப்பட்டது. அதன் இடத்தில் 1939-ஆம் ஆண்டுச் சட்டமும், பின்னர் 1989 ஜூலை 1 முதல் 1988-ஆம் ஆண்டுச் சட்டமும் நடைமுறைக்கு வந்தன. இறுதியாகக் கூறிய சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகள், வண்டியின் பின்புறச் சிவப்பு விளக்கு 155 மீட்டர் தொலைவிலிருந்து தெரிய வேண்டும் என்றும், பதிவெண்ணின்மேல் விழும் வெள்ளொளி அவ்வெண்ணை 15 மீட்டரிலிருந்து படிக்கும்படி செய்ய வேண்டும் என்றும் கூறுகின்றன. 2017 வரை நடைமுறையில் இருந்த 1989-ஆம் ஆண்டின் சாலை விதி ஒழுங்குமுறைகள், வண்டியை வண்டி இழுத்துச் செல்வதைத் தனியே எடுத்துப் பேசின. பழுதுபட்ட வண்டி, முழுதும் பொருத்தி முடிக்கப்படாத வண்டி, பதிவுபெற்ற டிரெய்லர், பக்கப்பெட்டி (சைட்கார்) ஆகியவற்றையே இழுக்கலாம் என்றன. இழுக்கப்படும் வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் உரிமம் பெற்ற ஒருவர் அமர்ந்திருக்க வேண்டும், அல்லது அதன் திருப்புச் சக்கரங்கள் தரையில் படாதவாறு தூக்கிக் கட்டப்பட்டிருக்க வேண்டும் என்றன. டிரெய்லரையோ பக்கப்பெட்டியையோ அல்லாமல் வேறு வண்டியை இழுக்கும்போது வேகம் மணிக்கு 24 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என விதித்தன. இரு வண்டிகளுக்கும் இடைவெளி 5 மீட்டருக்கு மேற்படக் கூடாதிருந்தது. கயிறோ சங்கிலியோ பிறர் கண்ணுக்கு எளிதில் புலப்பட வேண்டியிருந்தது. இழுக்கப்படும் வண்டியின் பின்னால் வெள்ளைப் பின்னணியில், 75 மில்லிமீட்டருக்குக் குறையாத கருப்பு எழுத்துகளில் 'ஆன் டோ' என்னும் ஆங்கிலச் சொற்கள் இருக்க வேண்டியிருந்தது. 24 கிலோமீட்டர் ஏறத்தாழ 15 மைல், 75 மில்லிமீட்டர் ஏறத்தாழ 3 அங்குலம், 155 மீட்டர் ஏறத்தாழ 500 அடி என்பதைப் பார்க்கும்போது, இவை மைலும் அடியும் வழங்கிய காலத்து அளவுகளின் பெயர்ப்பே என்று கருதத் தோன்றுகிறது.

மேலைநாடுகளில் மோட்டார் ஹோம் எனப்படும் வீட்டு வண்டியின் பின்னால் நன்றாக ஓடக்கூடிய காரையே கட்டி இழுத்துச் செல்லும் வழக்கம் இங்கு வேரூன்றாததற்கு இவ்வொழுங்குமுறையும் ஒரு காரணம் எனலாம். இழுக்கப்படும் கார் என்றால் பழுதான கார் என்பதே அதன் எண்ணமாக இருந்தது. அங்கே அவ்வழக்கம் விளக்கைப் பற்றிய நுட்பமான அறிவை வளர்த்தது. முன்வண்டியின் பிரேக் விளக்குக் கம்பியைக் காரின் விளக்கோடு நேரே இணைத்தால் மின்சாரம் காரின் பிற உறுப்புகளுக்கும் பாய்ந்து கேடு விளைவிக்கும் என்பதால், மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டையோடு இடையில் பொருத்தப்படுகிறது. அதை விரும்பாதவர்கள் காந்த அடியுள்ள தனி விளக்குகளைக் காரின் பின்புறத்தில் ஒட்டிவிடுகின்றனர்.

கொல்லிமலையின் நிழலிலேயே இருக்கும் நாமக்கல், லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகளாலும் டேங்கர் லாரிகளாலும் பெயர் பெற்ற ஊர். வெறும் அடிச்சட்டமாக வரும் லாரி இங்கே தச்சர், வெல்டர், டிங்கர், பெயிண்டர், எலக்ட்ரீஷியன் ஆகியோர் கைகளைக் கடந்த பிறகே லாரியாகிறது. பின்விளக்கு எங்கு, எந்த உயரத்தில் அமைகிறது என்பதும் அப்பட்டறையிலேயே முடிவாகிறது. விளக்கு அணைந்தாலும் வண்டியைக் காட்டக்கூடிய பொருள் ஒளி எதிரொளிப்பான், அதாவது தன்மேல் விழும் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும் பரப்பு. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரைச் சேர்ந்த பெர்சி ஷா, சாலையின் நடுவில் பதிக்கும் 'பூனைக்கண்' என்ற எதிரொளிப்பானுக்கு 1934-இல் காப்புரிமை பெற்றார். அதே இயல்பு பின்னர் ஒட்டுத்தாளாகி வண்டிகளின் உடலுக்கும் வந்தது. இந்திய விதிப்படி சரக்கு வண்டியின் முன்புறத்தில் வெள்ளையும் பக்கவாட்டில் மஞ்சளும் பின்புறத்தில் சிவப்பும் ஒட்டப்படுகின்றன. இந்த நிறப் பங்கீடு வண்டி இருப்பதைச் சொல்வதோடு நிற்காமல், அது எப்பக்கம் முகம் திருப்பி நிற்கிறது என்பதையும் சொல்கிறது. பழைய அரிக்கேன் விளக்கால் சொல்ல முடியாதிருந்தது இதுவே.

வளைவில் பழுதாகி நிற்கும் வண்டிக்குச் சட்டம் சிவப்பு முக்கோணப் பலகையைச் சொன்னாலும், தமிழகச் சாலைகளின் பழைய எச்சரிக்கை, சில அடி பின்னால் போடப்படும் பச்சைத் தழைக்கிளைதான். பகலில் அதன் பொருளை அறியாத ஓட்டுநர் இல்லை. இரவில் அது தாரோடு தாராகிவிடும். 155 மீட்டர் என்ற அளவும் நேர்ச்சாலையைக் கருதியது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் அத்தொலைவைக் கடக்க 14 நொடி ஆகும். கொண்டை ஊசி வளைவில் பாறை விலகிச் சிவப்பு தெரியும் கணத்திலிருந்து அத்தனை நொடிகள் கிடைப்பதில்லை. ஆகவேதான் மலைச்சாலையில் ஹாரனும், வளைவுக்கு அப்பால் மரங்களின்மேல் முன்கூட்டியே விழும் முகப்பு ஒளியும் பின்விளக்கின் வேலையில் ஒரு பங்கைச் செய்கின்றன.

இழுத்துக்கொண்டு இறங்கும்போது சிக்கல் இரட்டிப்பாகிறது. இறக்கத்தில் கயிறு தொய்ந்து பின்வண்டி முன்வண்டியின்மேல் சாயும் என்பதால், பிரேக்கை அழுத்த வேண்டியவர் பின்வண்டியில் இருப்பவரே. எஞ்சின் ஓடாத வண்டியில் பிரேக்குக்கு வழக்கமான உதவி விசை கிடைக்காததால் அவர் முழுப் பலத்தோடு மிதிக்க வேண்டியிருக்கும். முன்வண்டியின் பிரேக் விளக்குகளோ தொடர்ந்து வருவோர் பார்வைக்குப் பின்வண்டியால் மறைக்கப்பட்டிருக்கும். எனவே, உரிமம் பெற்றவர் இருக்கையில் அமர வேண்டும் என்ற விதி, ஸ்டீயரிங்குக்கு ஆள் வைத்ததோடு, சாவியைத் திருப்பிப் பாட்டரியின் மின்சாரத்தைச் சிவப்பு விளக்குக்கு அனுப்பவும் ஓர் ஆளை வைத்தது. மீட்பு வண்டி காரின் பின்சக்கரங்களைத் தூக்கிக்கொண்டு போகும்போது அந்த ஆளும் இருப்பதில்லை. காரின் முகப்பு பின்நோக்கித் திரும்பிவிடுவதால், தொடர்ந்து வரும் வண்டியின் ஒளிபட்டு அதன் முகப்புக் கண்ணாடிகள் வெள்ளையாக மின்னி, எதிரே ஒரு வண்டி வருவதாகக் காட்டும். அப்போது அக்காரின் முகப்பில் தனியே ஒரு சிவப்பு விளக்கைக் கட்டித் தொங்கவிடுவதைத் தவிர வேறு வழியில்லை.