விளையாட்டுப் பந்தயம் (தமிழ்நாடு)

நடக்கவிருக்கும் ஓர் ஆட்டத்தின் முடிவை முன்கூட்டிச் சொல்லி, அதன்மேல் பணம் கட்டுவது விளையாட்டுப் பந்தயம். தமிழ்நாட்டில் இதன் பதிவான வரலாறு கிண்டி குதிரைப் பந்தயத்தில் தொடங்குகிறது. இன்று அது கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஷிப்ட் முடிந்து திரும்பும் தொழிலாளியின் கைப்பேசிக்குள் வந்து நிற்கிறது. இடைப்பட்ட காலம் முழுவதும் சட்டமன்றமும் நீதிமன்றமும் விவாதித்தது ஒரே கேள்வியைத்தான்: இது திறமையா, அதிர்ஷ்டமா? பணம் கட்டுகிறவருக்கு உண்மையில் தேவையான கேள்வி வேறு. நடத்துகிறவர் எடுத்துக்கொள்ளும் கமிஷன் எவ்வளவு?

கிண்டி

சென்னையில் குதிரைப் பந்தயம் 1777 முதல் நடந்துவருவதாகக் கணக்கு. போர்களாலும் பணமுடையாலும் இடையிடையே நின்றுபோன பந்தயம், 1896இல் மெட்ராஸ் ரேஸ் கிளப் அமைந்த பிறகு நிலைபெற்றது. கிண்டியிலும் உதகமண்டலத்திலும் கிளப்புக்குத் திடல்கள் இருந்தன. கிண்டியில் 160.86 ஏக்கர் அரசு நிலம் 1945இல் 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டது. ஆண்டு வாடகை 614 ரூபாய்ச் சொச்சம். இந்தத் தொகை பின்னாளில் பெரிய வழக்காக வெடித்தது.

ரேஸுக்குப் போகிறவர்களில் பலர் கண்ணை மூடிக்கொண்டு பணம் கட்டுகிறவர்கள் அல்லர். கையில் ரேஸ் புத்தகம் இருக்கும். குதிரையின் தாய் தந்தை யார், கடைசி நான்கு ஓட்டத்தில் எத்தனையாவதாக வந்தது, இன்று எந்த ஜாக்கி, எவ்வளவு எடை சுமக்கிறது என்று பென்சிலால் குறித்து வைத்திருப்பார்கள். இந்த எடை விஷயம் கவனிக்கத் தக்கது. ஹேண்டிகேப் ஓட்டங்களில், நன்றாக ஓடும் குதிரைக்குக் கூடுதல் எடையும் சுமாரான குதிரைக்குக் குறைந்த எடையும் ஏற்றுவார்கள். எல்லாக் குதிரைகளும் ஒரே நேரத்தில் கோட்டைத் தொட வேண்டும் என்பதே அந்த ஏற்பாட்டின் நோக்கம். பென்சில்காரரின் கணக்கைக் குலைப்பதற்கென்றே கிளப் ஓர் அதிகாரியைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறது என்று சொன்னால் தப்பில்லை.

பணம் கட்ட இரண்டு வழிகள். ஒன்று புக்கி, அவர் சொல்லும் ரேட்டுக்குக் கட்டுவது. மற்றது டோட். 1860களில் பாரிஸில் ஜோசப் ஒல்லேர் உருவாக்கிய முறை இது. எல்லாருடைய பணமும் ஒரே தொட்டியில் விழும்; கிளப்பின் பங்கும் வரியும் முதலில் கழியும்; மிச்சம் ஜெயித்தவர்களுக்குள் பங்கு பிரியும். டோட்டில் நமக்கு எதிரி குதிரை அல்ல, பக்கத்து வரிசையில் நிற்கும் மனிதர். அவரைவிட நாம் கொஞ்சம் கெட்டிக்காரராக இருந்தால் போதாது. கழிந்துபோன பங்கையும் ஈடுகட்டும் அளவுக்குக் கெட்டிக்காரராக இருக்க வேண்டும்.

குதிரை வைத்திருப்பது செல்வர் வீட்டுக் கௌரவமாகவும் இருந்தது. செட்டிநாட்டு எம்.ஏ.எம். ராமசாமி (மறைவு 2015) இந்தியக் குதிரைப் பந்தய வரலாற்றிலேயே மிக அதிகக் கோப்பைகள் வென்ற உரிமையாளர்களில் ஒருவர். ரேஸ் கிளப்பின் தலைமையிலும் நெடுங்காலம் இருந்தவர். குதிரைக்காரர் கோப்பையை வீட்டுக்குக் கொண்டுபோனார். கேலரிக்காரர் எதைக் கொண்டுபோனார் என்பதைக் குடும்பப் பெண்களைத்தான் கேட்க வேண்டும். அந்தக் காலத் தமிழ்ப் படங்களிலும் தொடர்கதைகளிலும் 'ரேஸுக்குப் போறவர்' என்றாலே நகை அடகுக்குப் போன வீடு என்று வாசகருக்குப் புரிந்துவிடும்.

சட்டத்தின் இழுபறி

சென்னை நகருக்கு 1888ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டம், நகருக்கு வெளியே 1930ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் என்று இரண்டு சட்டங்கள் இருந்தன. அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தின் பகுதியாக இருந்த திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கங்கள் இரண்டாவதன் கீழ் வந்தன. இரண்டு சட்டமும் 'வெறும் திறமை' ஆட்டங்களுக்கு விலக்குக் கொடுத்தன. குதிரைப் பந்தயத்துக்கும் விலக்கு இருந்தது. அதை நீக்க 1949இல் திருத்தச் சட்டம் வந்தது. வந்ததோடு சரி, கால் நூற்றாண்டு தூங்கியது. 1974இல் மு. கருணாநிதி அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிப்பதென்று முடிவெடுத்து அந்தத் திருத்தச் சட்டத்தை எழுப்பியது. கிளப் வழக்குப் போட்டுத் தடை வாங்கியது. 1986இல் எம்.ஜி.ஆர். அரசு கிளப்பையே கையகப்படுத்தச் சட்டம் இயற்றியது; அதுவும் வழக்கானது.

இரண்டு வழக்குகளுக்கும் சேர்த்து 1996 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம் கே.ஆர். லட்சுமணன் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. குதிரைப் பந்தயம் பெருமளவு திறமையைச் சார்ந்த ஆட்டம், எனவே சூதாட்டம் ஆகாது. கையகப்படுத்தும் சட்டமும் செல்லாது. குதிரையின் பயிற்சி, ஜாக்கியின் லாவகம், கட்டுகிறவரின் கணிப்பு எல்லாவற்றையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. இந்தத் தீர்ப்பின் தோளில் ஏறித்தான் பின்னாளில் ரம்மி செயலிகளும் ஃபேன்டஸி செயலிகளும் ஊருக்குள் வந்தன.

அரசுக்கும் இதில் கை சுத்தம் இல்லை. 1968இல் அண்ணா அரசு தமிழ்நாடு பரிசுச் சீட்டைத் தொடங்கியது. 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்ற விளம்பரம் இன்றும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். லாட்டரி முழுவதும் தடையானது 2003 ஜனவரியில், ஜெயலலிதா ஆட்சியில்.

காட்டன்

தொழிற்பேட்டைப் பகுதிகளுக்கு அடுத்து வந்தது காட்டன் சூதாட்டம். நியூயார்க் பருத்திச் சந்தையின் தொடக்க விலையும் முடிவு விலையும் தந்தியில் பம்பாய்க்கு வரும். அந்த எண்கள்மேல் பணம் கட்டுவார்கள். 1961இல் விலை வருவது நின்றது. பானையிலும் சீட்டுக்கட்டிலும் எண்களை எடுத்து ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். 1962இல் கல்யாண்ஜி பகத், 1964இல் ரத்தன் கத்ரி என்று 'மட்கா' (பானை) ராஜாக்கள் எழுந்தார்கள். பம்பாய் மில் தொழிலாளிகளின் கூலி அங்கே கரைந்தது. வட சென்னையிலும் அதைச் சுற்றியும் துண்டுச் சீட்டில் நம்பர் எழுதிக் கொடுக்கும் காட்டன்காரர்கள் கைதாகும் செய்தி இன்றும் நாளிதழ்களின் உள்பக்கத்தில் வருகிறது.

காட்டனில் ஒற்றை நம்பருக்கு வழக்கமான ரேட் 1 ரூபாய்க்கு 9 ரூபாய். பூஜ்யம் முதல் ஒன்பது வரை பத்து எண்கள். வாய்ப்பு பத்தில் ஒன்று. நியாயப்படி 10 ரூபாய் கிடைக்க வேண்டும். அந்த ஒரு ரூபாய்தான் நடத்துகிறவரின் பிழைப்பு. கேட்கச் சின்னத் தொகை. ஆனால் 1,000 ரூபாயைக் கட்டி, வந்ததை மறுபடி மறுபடி கட்டினால், சராசரியில் ஏழாவது சுற்றில் 478 ரூபாய்தான் மிஞ்சும்.

அமெரிக்க வழி

அமெரிக்க விளையாட்டுகள் தமிழ்நாட்டுக்குப் பந்தயமாக வரவில்லை, உடற்பயிற்சியாக வந்தன. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒய்.எம்.சி.ஏ.காரர்கள் கண்டுபிடித்தவை கூடைப்பந்தும் (1891, ஜேம்ஸ் நெய்ஸ்மித்) கைப்பந்தும் (1895, வில்லியம் மார்கன்). அமெரிக்கரான எச்.சி. பக் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். இன்று அது நந்தனத்தில் இருக்கிறது. அங்கே படித்த உடற்கல்வி ஆசிரியர்கள் வழியாகக் கைப்பந்து ஊர் ஊராகப் போனது. திருவள்ளூர் மாவட்டக் கிராமத்தில் ராத்திரி விளக்குப் போட்டு நடக்கும் வாலிபால் போட்டிக்கு நுழைவுக் கட்டணம் உண்டு, நினைவுக் கோப்பை உண்டு, ஃப்ளெக்ஸில் முதல் பரிசுத் தொகை கொட்டை எழுத்தில் இருக்கும். அங்கே பரிசு வாங்குவது ஆடியவர்கள். ஆகவே அதைச் சூது என்று சொல்ல முடியாது.

பந்தயத் தொழில்நுட்பம் தனியாக வந்தது. அமெரிக்காவில் 1919 பேஸ்பால் உலகத் தொடரில் சிகாகோ வீரர்கள் எட்டுப் பேர் மீது, சூதாடிகளிடம் பணம் வாங்கித் தோற்றதாகக் குற்றம் சாட்டப்பட்டது. 1921இல் நீதிமன்றம் விடுவித்தும் அவர்கள் ஆயுளுக்கும் விலக்கப்பட்டார்கள். 1940களில் சிகாகோவில், முன்பு கணக்கு வாத்தியாராக இருந்த சார்லஸ் மெக்நீல் 'பாயின்ட் ஸ்ப்ரெட்' முறையைப் பரப்பினார். வலுவான அணி ஜெயித்தால் மட்டும் போதாது, இத்தனை புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும். கிண்டியில் குதிரைமேல் ஏற்றிய எடையை இங்கே அணியின் மேல் ஏற்றினார்கள். 1980இல் டேனியல் ஓக்ரென்ட்டும் நண்பர்களும் நிஜ வீரர்களைக் கொண்டு கற்பனை பேஸ்பால் அணிகள் அமைத்து ஆடினார்கள். அதுவே ஃபேன்டஸி ஆட்டத்தின் பெரும்போக்குக்கு விதை. 2008இல் இந்தியாவில் ஹர்ஷ் ஜெயினும் பவித் சேத்தும் தொடங்கிய ட்ரீம்11 அதைக் கிரிக்கெட்டுக்குக் கொண்டுவந்தது. 2017இல் பஞ்சாப் ஹரியாணா உயர் நீதிமன்றம் அதைத் திறமை ஆட்டம் என்றது. அடிப்படை நம் கிண்டித் தீர்ப்பு. 2018 மே 14 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1992ஆம் ஆண்டின் பந்தயத் தடைச் சட்டத்தை நீக்கியதும் அங்கே முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் விளையாட்டுப் பந்தயத்தை அனுமதித்தன.

கிரிக்கெட்டிலிருந்து கைப்பேசிக்கு

சென்னை சூப்பர் கிங்ஸ் அணியோடு தொடர்புடைய குருநாத் மெய்யப்பன் 2013 மே 24 அன்று பந்தயக் குற்றச்சாட்டில் கைதானார். 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அமைத்த லோதா குழு அவருக்கு ஆயுள் தடையும் சென்னை, ராஜஸ்தான் அணிகளுக்கு இரண்டாண்டுத் தடையும் விதித்தது. மஞ்சள் சட்டைக்காரர்களின் வருத்தம் அணி ஆடாததைப் பற்றியது. பந்தயம் பற்றி ஊரில் பெரிய அதிர்ச்சி ஒன்றும் எழவில்லை. பின்னாளில் 'டீம் போடுறது' டீக்கடைப் பேச்சானது. டாஸ் போட்டவுடன் பதினொரு பேரைத் தேர்ந்து, கேப்டனைக் குறித்து, 49 ரூபாய் கட்ட வேண்டியிருந்தது. கோடி ரூபாய் பரிசு விளம்பரத்தில் ஓடியது.

அம்பத்தூர், காக்களூர், கும்மிடிப்பூண்டி, தேர்வாய் கண்டிகை என்று நீளும் தொழிற்பேட்டைப் பட்டைக்கு இது வாகாக அமைந்தது. மூன்று ஷிப்ட் முறை, ஒப்பந்த வேலை, வங்கிக் கணக்கில் விழும் கூலி, குடும்பத்தை ஒடிசாவிலோ பீகாரிலோ விட்டுவிட்டு அறையில் நாலைந்து பேராகத் தங்கும் இளைஞர்கள். காட்டனுக்கு ஆளைத் தேடிப் போக வேண்டியிருந்தது. இப்போது சம்பளம் வரும் அதே கைப்பேசியிலிருந்து யுபிஐ வழியாக அது போய்விடுகிறது. வெளிநாட்டுச் செயலிகள் கூடைப்பந்தையும் அமெரிக்கக் கால்பந்தையும் சேர்த்தே விற்கின்றன. நியூயார்க்கில் மாலை ஏழு மணி ஆட்டம் இங்கே விடிகாலை நாலரை அல்லது ஐந்தரை. மூன்றாம் ஷிப்ட் முடியும் நேரம். அந்த ஆட்டத்தின் விதி தெரிந்தவரைக் கும்மிடிப்பூண்டியில் விரல்விட்டு எண்ணலாம். விதி தெரியாமலே பணம் கட்டலாம் என்பதுதான் செயலியின் வசதி.

புத்திசாலித்தனமாகக் கட்டுவது

இதற்கு உண்மையிலேயே ஒரு கணக்கு உண்டு. அமெரிக்க ஸ்ப்ரெட் பந்தயத்தில் வழக்கமாக 110 கட்டினால்தான் 100 லாபம். நூறு முறை கட்டி ஐம்பதில் ஜெயித்தால் வரவு 5,000, இழப்பு 5,500. நட்டம் இல்லாமல் நிற்கவே நூற்றுக்கு 52.4 முறை சரியாகச் சொல்ல வேண்டும். பெல் ஆய்வகத்தின் ஜான் கெல்லி 1956இல் ஒரு சூத்திரம் தந்தார்: கையிருப்பில் எத்தனை பங்கைக் கட்டலாம் என்று அது சொல்லும். பந்தய வழிகாட்டிகள் எல்லாம் அதை மேற்கோள் காட்டும். கூடுதல் சாதகம் இல்லாதவருக்கு அந்தச் சூத்திரம் தரும் விடை பூஜ்யத்துக்கும் கீழே போகும், அதாவது கட்டவே கூடாது என்பதை மட்டும் பல வழிகாட்டிகள் சொல்வதில்லை. இந்தியாவில் வரியும் சேர்ந்தது: 2023 அக்டோபர் 1 முதல் ஆன்லைன் பண ஆட்டத்தில் கட்டும் முழுத் தொகைமேல் 28 சதவீத ஜிஎஸ்டி விதிக்கப்பட்டது. அதைத் தாண்டி நீண்ட காலம் லாபம் பார்க்கும் திறமை கோடியில் ஒருவருக்கு இருக்கலாம். அவரும் ரயிலில் வருகிறவராக இருக்க மாட்டார்.

தடைகள்

ஆன்லைன் ரம்மிக் கடனால் நேர்ந்த தற்கொலைகளுக்குப் பிறகு 2021 பிப்ரவரியில் தமிழ்நாடு தடைச் சட்டம் கொண்டுவந்தது. ஆகஸ்டு 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. முன்னாள் நீதிபதி கே. சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின் 2022 அக்டோபரில் புதிய மசோதா நிறைவேறியது. ஆளுநர் ஆர்.என். ரவி 2023 மார்ச்சில் திருப்பி அனுப்ப, சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றியது, ஏப்ரலில் சட்டமானது. ஆடுகிறவருக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம். நடத்துகிறவருக்கு மூன்றாண்டு வரை, 10 லட்சம் வரை. அந்த ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் மட்டும் தடையிலிருந்து விடுவித்தது. 2025 பிப்ரவரி விதிகள் நள்ளிரவு முதல் காலை ஐந்து வரை பணம் வைத்து ஆடுவதைத் தடுத்தன. ஜூன் 3 அன்று நீதிமன்றம் அவற்றை ஏற்றது.

பிறகு ஒன்றிய அரசு முந்திக்கொண்டது. 2025 ஆகஸ்டு 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே தூக்கிப் போட்டுவிட்டு, பணம் கட்டும் ஆன்லைன் ஆட்டம் எதுவாயினும் தடை என்றது. நடத்துகிறவருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி வரை அபராதமும். ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை. ட்ரீம்11 பணப் போட்டிகளை நிறுத்தியது, இந்திய அணிச் சட்டையிலிருந்தும் அதன் பெயர் இறங்கியது. இதற்கு ஓராண்டு முன்பே, கிண்டியில் 730 கோடி ரூபாய்க்கு மேல் வாடகை பாக்கி என்ற வழக்கின் தொடர்ச்சியாக, 2024 செப்டம்பரில் மாநில அரசு குத்தகையை ரத்து செய்து நிலத்துக்குச் சீல் வைத்தது. வேளச்சேரி வெள்ளத்தைக் குறைக்க அங்கே குளங்கள் வெட்டப்பட்டன.

வெளிநாட்டுச் செயலிகள் பெயரை மாற்றிக்கொண்டு வந்துகொண்டுதான் இருக்கின்றன. அவற்றில் பணம் மோசம் போனால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் சொல்ல வேண்டும். தாமதமானால் பணம் பல கணக்குகளுக்குக் கைமாறிவிடும். கட்டாமல் இருக்க முடியவில்லை, கடன் கழுத்தை நெரிக்கிறது என்பவர்கள் டெலி-மானஸ் மனநல எண்ணான 14416ஐ எந்த நேரமும் அழைக்கலாம்; தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.