பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரத்தில் பேறுகாலத் துணை

பேறுகாலத் துணை என்பது இடுப்பு வலி கண்ட நேரம் முதல் பிள்ளை நன்றாகப் பால் குடிக்கப் பழகும் வரை தாயின் அருகில் இருந்து செய்யும் உதவி. மருத்துவம் அதில் ஒரு பகுதி. கையைப் பிடித்துக்கொள்வது, முதுகைத் தேய்த்துவிடுவது, குடிக்க ஏதாவது கொடுப்பது, பிள்ளையை மார்பில் சரியாகப் பிடிக்க வைப்பது, பார்க்க வருகிறவர்களின் அறிவுரைகளிலிருந்து தாயைக் காப்பது எல்லாமே இதில் சேரும். தருமபுரி மாவட்டத்துப் பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரத்தில் இந்த உதவியின் வரலாறு பெரும்பாலும் தொலைவின் வரலாறு.

சேலத்திலிருந்து அரூர் போகும் சாலை மஞ்சவாடிக் கணவாயைக் கடந்து வரும் சமவெளியில் இந்தப் பேரூர் இருக்கிறது. ஒரு பக்கம் சேர்வராயன் மலையடிவாரம், மறுபக்கம் சித்தேரி மலை. சாலையோரத்து ஊர்களில் வலி வந்தால் பேருந்தோ வாடகை வண்டியோ பிடித்துச் சேலத்துக்கோ அரூருக்கோ போய்விடலாம். மலையூர்ப் பெண்களைத் தூளி கட்டித்தான் தூக்கி வரவேண்டியிருந்தது. பிள்ளை பிறந்த பின் ஏற்படும் கடும் உதிரப்போக்கு இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உயிரைப் பறிக்கக்கூடியது என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தத் தூளிப் பயணத்தின் பொருள் விளங்கும்.

பழைய ஏற்பாட்டில் தலைப்பிள்ளைக்குத் தாய்வீடு, பேறு பார்க்க மருத்துவச்சி, அதன்பின் பச்சை உடம்புக்காரிக்குக் காய உருண்டையும் பூண்டும் கருவாடும். மருத்துவச்சியின் பலம் அவள் எழுந்து போகமாட்டாள் என்பது. பிள்ளை குறுக்கே கிடந்தாலும் நஞ்சுக்கொடி விழாமல் நின்றாலும் அவளால் செய்யக்கூடியது கொஞ்சம்தான். பழைய முறையைப் போற்றிப் பேசுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

சிட்லிங்கி

சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் இடையிலுள்ள சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் மலையாளிப் பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழ்கிறார்கள். அங்கே 1993இல் மருத்துவத் தம்பதியர் ரெஜி ஜார்ஜும் லலிதா ரெஜியும் பழங்குடி நல முயற்சி என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். லலிதா மகப்பேறு மருத்துவர், ரெஜி மயக்கவியல் மருத்துவர். இருவரும் அதற்கு முன் காந்திகிராமத்தில் பணியாற்றியவர்கள். முதலில் இருந்தது ஒரு கூரைக் குடிசை. அப்போது அந்தப் பள்ளத்தாக்கில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஓராண்டு நிறையும் முன் இறந்தன. பின்னாளில் அந்த எண்ணிக்கை இருபதுக்கு அருகில் இறங்கியது.

இறங்கியதற்கு அறுவை அரங்கு ஒரு காரணம். அதைவிட முக்கியமானதாகத் தோன்றுவது, உள்ளூர்ப் பெண்களுக்கு அவர்கள் கொடுத்த பயிற்சி. பள்ளிப் படிப்போடு நின்ற இளம்பெண்கள் பேறு பார்க்கவும் செவிலியர் வேலை செய்யவும் பழகினார்கள். ஒவ்வொரு சிற்றூரிலும் மணமான பெண்கள் நலப் பணியாளர்களாகி, கர்ப்பிணிகளை வீட்டில் பார்த்து, ஆபத்துக் குறி தெரிந்தால் முன்கூட்டியே மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். இப்படி மருத்துவச்சியின் இடத்தில் அதே ஊர்க்காரி ஒருத்தி, கூடுதல் அறிவோடு வந்து நின்றாள். வெளியூரிலிருந்து மாற்றலில் வரும் ஊழியரால் இதைச் செய்வது கடினம்.

அரசின் ஏற்பாடுகள்

கர்ப்பிணிகளை வீட்டில் போய்ப் பார்க்கும் இந்த வேலையைச் சமவெளியில் செய்தவர் கிராம சுகாதார செவிலியர். ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியரை முறை வைத்து 24 மணி நேரமும் பேறு பார்க்கும் ஏற்பாடு வந்தது. 2008இல் 108 அவசர ஊர்தி ஓடத் தொடங்கியது. அதே ஆண்டில் தருமபுரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. மலைப்பகுதிகளை ஒட்டிய சில நிலையங்களில், நாள் நெருங்கிய பெண்கள் முன்பே வந்து தங்கிக்கொள்ளக் காத்திருப்பு அறைகளும் கட்டப்பட்டன. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பேறுகள் மருத்துவ நிலையங்களில் நடந்தன.

வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு மாறியதில் ஓர் இழப்பும் நேர்ந்தது. பேறு அறையின் கதவு மூடியதும் அம்மாவும் அத்தையும் வராந்தாவில் நின்றுவிட்டார்கள். வலியில் கத்துகிற பெண்ணைச் செவிலியர் அதட்டுவதைப் பற்றித் தமிழ்நாட்டில் கேள்விப்படாதவர் இருக்க முடியாது. இதற்கு மாற்றாகவே, உறவுக்காரப் பெண் ஒருவரை உள்ளே அனுமதிக்கும் பிறப்புத் துணைத் திட்டத்தை 2004இல் தமிழ்நாடு அரசு மருத்துவமனைகளில் கொண்டுவந்தது. நடுவணரசு நாடு முழுவதற்குமான வழிகாட்டுதலை வெளியிட்டது 2016இல்தான். தானும் பேறு கண்டவராக இருக்க வேண்டும், தொற்றுநோய் இருக்கக் கூடாது, தூய உடை அணிந்திருக்க வேண்டும், சிகிச்சையில் தலையிடக் கூடாது என்பன அதன் விதிகள்.

உலக அளவில் இதற்கு நல்ல சான்று உண்டு. 17 நாடுகளில் 15,000க்கும் மேற்பட்ட பெண்களை உள்ளடக்கிய 26 ஆய்வுகளைக் காக்ரேன் அமைப்பு 2017இல் தொகுத்துப் பார்த்தது. ஒருவர் விடாமல் கூடவே இருந்தால் வலி நேரம் சற்றுக் குறைகிறது, இயல்பான பேறு கூடுகிறது, அறுவை குறைகிறது என்று அது காட்டியது. மேலே சொன்ன குடும்ப நல ஆய்வு, தமிழ்நாட்டில் 44.9 விழுக்காடு பேறுகள் அறுவையால் நடந்ததாகக் கூறுவதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

பாலூட்டல்

அதே குடும்ப நல ஆய்வின்படி, பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கிடைத்த குழந்தைகள் ஏறத்தாழ 60 விழுக்காடு. ஆறு மாதத்துக்குட்பட்டவர்களில் தாய்ப்பால் மட்டும் குடித்தவர்கள் ஏறத்தாழ 55 விழுக்காடு. கிட்டத்தட்ட எல்லாக் குழந்தையும் மருத்துவமனையில் பிறக்கும் மாநிலத்துக்கு இது குறைவு. அறுவை முடிந்த தாயால் தானாகத் திரும்பிப் படுக்க முடியாது. பிள்ளையை எடுத்து மார்பில் சேர்க்க இன்னொரு கை வேண்டும், இரவுப் பணியில் அந்தக் கை கிடைப்பதில்லை.

முதல் இரண்டு மூன்று நாள் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பால் சில கரண்டி அளவுதான். பிறந்த குழந்தையின் வயிற்றுக்கு அது போதும், நோய் எதிர்ப்புப் பொருள்களும் அதில் நிறைந்திருக்கின்றன. ஆனால் "பால் பத்தல" என்ற பேச்சு எழுவது இந்த நாட்களில்தான். பாட்டி சேனை தொட்டு வைப்பாள், சர்க்கரைத் தண்ணீர் வரும், கழுதையை ஓட்டிக்கொண்டு தெருவில் வருகிறவரிடம் ஒரு சங்கு பால் வாங்கிக் கொடுப்பார்கள். குழந்தையின் பசி அதில் மங்கும், உறிஞ்சுவது குறையும். உறிஞ்சினால்தான் சுரக்கும் என்பதால் பால் உண்மையாகவே குறைந்துவிடும். இதற்கு முருங்கைக்கீரையும் பால்சுறாவும் சாப்பிடச் சொல்வார்கள். சாப்பிடுவது நல்லதே, ஆனால் சுரப்பைக் கூட்டும் முதல் வழி அடிக்கடி மார்பில் விடுவது.

உதவிக்கு நிற்பவர் பார்க்க வேண்டியவை எளியவை. காம்பு மட்டுமின்றிக் கருவட்டத்தின் பெரும்பகுதி குழந்தையின் வாய்க்குள் போயிருக்க வேண்டும், தாடை மார்பில் பட்டிருக்க வேண்டும், தாய்க்கு வலிக்கக் கூடாது. முதல் வாரத்துக்குப் பின் நாளுக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழித்து, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடையைத் திரும்பப் பெற்றால் பால் போதுகிறது என்று பொருள். பால் கட்டிக்கொண்டால் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துப் பீச்சி எடுக்கலாம். மல்லிகைப்பூவை மார்பில் கட்டும் வழக்கம் பாலை வற்றவைப்பதற்கானது. பிள்ளையை இழந்த தாய்க்குச் செய்வது அது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1980களில் செய்த ஆய்வும் அதன் பலனை உறுதிப்படுத்தியது. பாலூட்டும் தாய்க்கு அது ஆகாது.

கூலியும் விடுப்பும்

தமிழ்நாடு அரசு ஊழியருக்கு 2021 முதல் பேறுகால விடுப்பு ஓராண்டு. பேறுகால நலச் சட்டத்தின் 2017 திருத்தத்தின்படி நிறுவனங்களில் 26 வாரம். மஞ்சளும் மரவள்ளியும் கரும்பும் விளையும் இந்த வட்டாரத்தில் அன்றாடக் கூலிக்குக் காட்டில் இறங்கும் பெண்ணுக்கு இரண்டும் இல்லை. அவளுக்கு இருப்பது 1987இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி. இழந்த கூலிக்கு ஈடாகத் தரப்படும் இந்தத் தொகை 2006இல் 6,000 ரூபாய், 2011இல் 12,000, பின்னர் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ஆனது. தவணைகளாக வருவதால், கை வறண்ட மாதத்தில் அது வந்து சேரும் என்று சொல்ல முடியாது.

ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்ற அறிவுரை தடுமாறுவது இங்கேதான். 2015இல் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன, வயல் வரப்பில் அப்படி எதுவும் இல்லை. களை எடுக்கப் போகிற தாய் காலையில் பாலைப் பீச்சி, கொதிநீரில் போட்டு எடுத்து ஆறிய, மூடியுள்ள பாத்திரத்தில் வைத்தால், குளிர்ந்த இடத்தில் நான்கு மணி நேரம் வரை கெடாது. கோடை வெயிலில் அதற்கும் குறைவு. வீட்டிலிருக்கும் பாட்டி அதைப் புட்டியில் அல்லாமல் பாலாடையில் புகட்ட வேண்டும். இந்தச் செய்முறையைச் சொல்லித்தர வேண்டியது தாய்க்கு மட்டுமல்ல, பாட்டிக்கும்தான். பேறு முடிந்து வார்டிலிருந்து அனுப்பும்போது பாட்டியும் பக்கத்தில்தான் நிற்கிறாள்.