கண்டிப் பகுதிப் பழைய துவிச்சக்கரவண்டிகளும் விலைப்பட்டியற் சான்றும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் சமதரையிற் போன்று துவிச்சக்கரவண்டி கண்டியில் எங்கும் பரவியதில்லை. ஏற்றமும் இறக்கமும் மிக்க நிலம் அதற்கு இடங்கொடுக்கவில்லை. எனினும், மாநகரிலும் பேராதனை, கட்டுகஸ்தோட்டை முதலிய சுற்றுப்புறங்களிலும் ஆங்கிலேயத் தொழிற்சாலைகளின் பெயர் தாங்கிய பழைய வண்டிகள் காணப்படுமிடத்து, “பாட்டனார் காலத்தது” என்ற உடையோர் கூற்றைக்கொண்டு அவற்றின் காலத்தைத் துணிதல் இயலாது. உற்பத்தியாளர் ஆண்டுதோறும் வெளியிட்ட விலைப்பட்டியல்களே இவ்வாய்விற்கு முதற்சான்றாக அமைவன.

பெயரை அறிதல் எளிது. றலி வண்டியின் பற்சில்லில் நாரைத் தலைகளும், றட்ஜ் வண்டியின் பற்சில்லில் விரித்த கையும் வெட்டப்பட்டிருக்கும். ஹம்பர் வண்டியின் முன் கவையில் பக்கத்துக்கு இரண்டாகக் குழாய்கள் அமைந்திருக்கும். காலத்தை அறிதலே கடினம். ஹம்பர் துவிச்சக்கரவண்டித் தொழில் 1932இலும், றட்ஜ் தொழில் 1943இலும் நொட்டிங்காமிலிருந்த றலி நிறுவனத்தின் கைக்கு மாறிய பின்னரும், அவற்றிற்குரிய அடையாளங்கள் கைவிடப்படவில்லை. ஆகவே, இரட்டைக் குழாய்க் கவையை மட்டும் கண்டு ஒரு வண்டியை 1932க்கு முற்பட்டதெனக் கொள்வது பெருந்தவறாகும். தடுப்புக் கோல்கள், சேற்றுக்காப்பின் வடிவு, விளக்குத் தாங்கி ஆகியவற்றை அடுத்தடுத்த ஆண்டுகளின் பட்டியற் படங்களோடு ஒப்பிட்டே எல்லை வகுத்தல் வேண்டும்.

மலைநாட்டு ஆய்வாளருக்குப் பெரிதும் உதவுவது பின்சில்லின் குடமாகும். ஸ்டேமி ஆச்சர் நிறுவனம் 1936இல் அறிமுகஞ்செய்த ஏ.டபிள்யூ. என்னும் மூவேகக் குடம், ஏற்றத்தில் வேகவீதத்தை நாலிலொரு பங்கு குறைத்தும், சமதரையில் மூன்றிலொரு பங்கு கூட்டியும் தருவது. இவ்வகைக் குடங்கள் பலவற்றின் மேல் உற்பத்தி ஆண்டின் இறுதி இரு எண்கள் பொறிக்கப்பட்டுள்ளன. “53” எனக் காணின் குடம் 1953இற்குரியது. வண்டியும் அவ்வாண்டினதே என்பது அதனாற் பெறப்படாது. சில்லு பின்னர் மாற்றப்பட்டிருக்கலாம். சட்டகத்தின் உறுப்புகளும் அக்காலப் பட்டியலோடு இயைந்தால் மட்டுமே அம்முடிபு உறுதிப்படும்.

பட்டியலுக்கும் வரம்புண்டு. அது விற்கக் கருதியதைச் சொல்லுமேயன்றி, விற்றதையும் பின்னர் நேர்ந்ததையும் சொல்லாது. பிரித்தானிய வாடிக்கையாளருக்கென அச்சிட்ட பட்டியலில், கடல் கடந்து அனுப்பிய வகைகள் அவ்வாறே இடம்பெற்றிருக்க வேண்டுமென்பதுமில்லை. மேலும், வங்காளத்து அசன்சோலில் சென்-றலி நிறுவனமும், சென்னையில் 1949இல் தொடங்கிய ரி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனமும் ஆங்கிலேயப் பெயர்களிலேயே வண்டிகளைச் செய்தன. றலி என்ற பெயரை மாத்திரம் கண்டு நொட்டிங்காமைச் சுட்டுவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

1970–77 காலப்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியபோது, கிடைத்த உறுப்பைக் கிடைத்த சட்டகத்திற் பொருத்தும் தேவை மிகுந்திருக்கும் என்பது எளிதில் ஊகிக்கத்தக்கது. இன்று பழம்பொருள் விரும்பிகள் சிலர் பட்டியற் படத்தைப் பார்த்து வண்டியை “மூலநிலைக்கு” மீட்க முனைகின்றனர். வேற்றுக் குடம், ஒட்டிய சட்டகம், உள்ளூர்க் கொல்லர் அடித்த பொதிதாங்கி ஆகியன அப்போது குப்பைக்குச் செல்கின்றன. நொட்டிங்காமில் அச்சிட்ட எந்தப் பட்டியலிலும் இடம்பெறாத அவ்வுறுப்புகளே, வண்டி கண்டியில் ஓடிய ஆண்டுகளுக்கு எஞ்சிய சான்றுகள்.